ஈயப் பொம்மை சேர்க்கப் போகிறவர்களுக்கு, முதலில் கைகளைப் பற்றி

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி நிற்கிறது. அதற்குள் சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய்கள், புள்ளி மாடுகள், பால் வாளியோடு ஒரு பெண், கால் ஒடிந்த இரண்டு குதிரைகள் என்று 140க்கு மேற்பட்ட உலோகப் பொம்மைகள். லண்டனில் இருக்கும் மாமி அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் பழைய சாமான் சந்தைகளில் ஒன்றொன்றாகப் பொறுக்கி, ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் சொருகி அனுப்பியவைதான் பெரும்பாலும். இப்போது அக்கம்பக்கத்துப் பொடியன்கள் இரண்டு மூன்று பேர் "அண்ணை, நாங்களும் தொடங்கலாமோ" என்று கேட்கிறார்கள், புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சியும் கேட்டிருந்தா. தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் பழைய பொம்மைகளில் மிகப் பல ஈயத்தில் வார்த்தவை, மேலே பூசிய பெயின்ற்றிலும் ஈயம் இருக்கிறது. அதை எப்படிக் கையாளுவது என்று எனக்குத் தொடக்கத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை, அதனால் நான் பிழை விட்டேன்.

அந்தப் பிழையைச் சொல்லிவிட்டே மற்றதுக்குப் போகிறேன். முதல் பெட்டி வந்த அன்று பொம்மைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பழப்புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் வழமைபோல வாழைப் பாத்திக்கு ஓடியது. பிறகு விறாந்தையில் பேப்பர் விரித்துக் காயப் போட்டேன். அக்காவின் மகனுக்கு அப்போது இரண்டு வயது. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது ஒரு குதிரையின் தலை அவன் வாய்க்குள் இருந்தது, குதிரையின் காதில் பெயின்ற் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம். இரத்தம் எடுத்து வெளியே அனுப்பி, முடிவு வரும்வரை அக்கா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) இரத்தத்தில் 4 மைக்ரோகிராம் ஈயம் என்று வந்தது. பயப்படுகிற அளவில்லை, ஆனால் இனி அந்தப் பிள்ளையின் கைக்கு இது எட்டவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அன்றைக்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன்.

ஈயம் உடம்புக்குள் எப்படிப் போகிறது

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் ஈயம் என்ற பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குள் "ஈயம் பூசுகிறார்களே" என்று கேட்பார்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். நான் இங்கே சொல்வது காரீயத்தை, அதாவது பற்றரிக்குள் இருப்பது, மீன்வலையில் கட்டுவது, துவக்குக் குண்டுக்குள் இருப்பது.

காரீயப் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்ததால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது, காயமில்லாத தோலுக்குள்ளால் அது அனேகமாகப் போவதில்லை. போகிற வழி இரண்டுதான். ஒன்று வாய், மற்றது மூச்சு. தொட்ட விரலில் கண்ணுக்குத் தெரியாத தூள் ஒட்டும், அந்த விரல் வாய்க்குப் போகும். கரண்டியால் சாப்பிடுகிற நாட்டுக்காரர் எழுதிய அறிவுரைகளில் இந்த இடத்தை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நாங்கள் சோற்றையும் குழம்பையும் விரலால் பிசைந்து, விரலை நக்கிச் சாப்பிடுகிற ஆட்கள். வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பை விரலால் தடவிப் பாக்கோடு வாயில் வைக்கிறார்கள், பீடி சிகரட் பிடிக்கிறவர்களும் அப்படித்தான். ஆகவே எங்களுக்குக் கை கழுவுவதுதான் முழுப் பாதுகாப்பிலும் பாதிக்கு மேல்.

உள்ளே போன ஈயம் இரத்தத்தில் ஒரு மாதம் அளவில் பாதியாகக் குறையும். நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம், ஒரு பகுதி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பத்து இருபது வருடம், அதைவிடக் கூடவும் இருக்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து பிள்ளைக்குப் போகிறதல்லவா, அதோடு அந்தப் பழைய ஈயமும் இரத்தத்துக்கு வந்து வயிற்றுப் பிள்ளையை அடையும். சிறு பிள்ளைகள் விழுங்கும் ஈயத்தை வளர்ந்தவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உடம்பில் ஏற்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த அளவுக்குக் கீழே பாதிப்பே இல்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு ஈயத்துக்குக் கிடையாது என்றும் சொல்கிறது. பிள்ளையின் மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் எல்லாம் இதில் அடிபடும், வெளியில் ஓர் அறிகுறியும் இல்லாமலேகூட.

அதனால் வீட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தாலோ, யாராவது கர்ப்பமாக இருந்தாலோ, பாலூட்டும் தாய் இருந்தாலோ என் கருத்து ஒன்றுதான்: பொம்மைகளை வாங்கி மூடிய பெட்டியிலேயே வைத்திருங்கள், துடைக்கிற, பூசுகிற, ஒட்டுகிற வேலை ஒன்றும் அந்த வீட்டில் வேண்டாம். கொஞ்ச வருடம் பொறுத்தால் பொம்மை கெட்டுப்போகாது.

நிலத்தில் கிடப்பதை எடுக்க வேண்டாம்

வன்னியில் இருந்துகொண்டு உலோகச் சாமான் சேர்ப்பது பற்றி எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. காணி துப்புரவாக்கும்போதும், குளக்கட்டு ஓரத்திலும், பற்றைக்குள்ளும் துண்டு துண்டாக உலோகம் வரும். சேர்க்கிற ஆசை வந்தவனுக்கு அதில் ஒன்றை எடுத்துப் பார்க்கக் கை துடிக்கும். எடுக்காதீர்கள். போர் முடிந்தது 2009இல், அதற்குப் பிறகு இத்தனை வருடம் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அங்குலம் அங்குலமாக வேலை செய்தும் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடம் என்பதற்காக அது துப்புரவான இடம் என்று அர்த்தமில்லை. தெரியாத உலோகம் கண்டால் தொடாமல், வந்த வழியிலேயே திரும்பி வந்து, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் ஆட்களுக்கோ சொல்லுங்கள்.

வெடிக்காதது, வெறும் சன்னம்தானே என்று அலுமாரியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். துவக்குச் சன்னத்தின் உள்ளீடு பெரும்பாலும் ஈயம்தான், மண்ணில் கிடந்து வெள்ளை பூத்திருந்தால் அந்தத் தூள் இன்னும் மோசம். இந்தச் சேர்க்கையில் அதுக்கு இடமில்லை.

எது ஈயம், எப்படி அறிவது

லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்துக் கொம்பனி 1893இல் உள்ளே வெறுமையாக இருக்கும்படி ஈயத்தில் பொம்மை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்பக்கம் இறுகியதும் நடுவில் இன்னும் உருகிய நிலையில் இருப்பதை வெளியே கொட்டிவிடுவார்கள். ஈயம் மிச்சம், பொம்மையும் மலிவு. 54 மில்லிமீற்றர் உயரச் சிப்பாய்கள் உலகம் முழுக்கப் போனது அப்படித்தான். முதலாம் உலகப் போருக்குப் பிறகு மாடு, பன்றி, பண்ணைக்காரர் என்று வந்தன. இந்த ஈயப் பொம்மைகள் 1966 வரை வந்தன, பிறகு பிளாஸ்டிக். ஆகவே உங்களுக்கு வரும் ஐரோப்பியச் சிப்பாய் 1966க்கு முந்தியது, தலையிலோ காலிலோ ஒரு சிறிய துளை இருக்கிறது, உள்ளே வெறுமை என்றால் அதை ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சோதிக்கத் தேவையே இல்லை.

மேசையில் வைத்து விளையாடும் சிறிய போர்வீரர், மந்திரவாதி, பூதம் மாதிரியான உலோக உருவங்கள் வேறு வகை. 1970கள், 80களில் வார்த்தவற்றில் ஈயம் நிறையக் கலந்திருந்தது. 1990களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முக்கியமான கொம்பனிகள் ஈயமில்லாத வெள்ளீயக் கலவைக்கு மாறின. பழையது கூடப் பாரம், நகத்தால் அழுத்தினால் கோடு விழும், பெயின்ற் இல்லாத அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் மாதிரிச் சாம்பல் கோடு வரும். புதியது கடினம், கோடு மங்கல். காந்தம் ஒட்டினால் தகரம், அதாவது வெள்ளீயம் பூசிய இரும்பு. பாரம் குறைவு, காந்தமும் ஒட்டவில்லை, உடைந்த இடம் மணல் மணலாக இருக்கிறது என்றால் அது துத்தநாகக் கலவை, விளையாட்டுக் கார்களில் அதிகம் காணலாம்.

ஆனால் கீழே இருக்கும் உலோகம் எதுவானாலும் மேலே பூசிய பெயின்ற் தனிப் பிரச்சினை. பழைய வெள்ளை, பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள் நிறங்கள் பெரும்பாலும் ஈயச் சேர்வைகளால் செய்யப்பட்டவை. அமெரிக்கா வீட்டுப் பெயின்ற்றிலும் பொம்மைப் பெயின்ற்றிலும் ஈயத்தைத் தடை செய்தது 1978இல். இலங்கையில் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி எனாமல் பெயின்ற்றில் பத்து இலட்சத்தில் 600 பங்கு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்குப் பூசுவதில் 90 பங்கு என்று உச்ச வரம்பு வைத்தார்கள். அதற்கு முந்தி வாங்கிய பெயின்ற் தகரம் ஒன்று அப்பாவின் கொட்டிலில் இருந்தால் பொம்மைக்குப் பூச எடுக்க வேண்டாம். விதி வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை: 2007இல் உலகத்திலேயே பெரிய பொம்மைக் கொம்பனிகளில் ஒன்றான மட்டெல் (Mattel) சீனாவில் செய்வித்த இலட்சக்கணக்கான பொம்மைகளை, பெயின்ற்றில் ஈயம் இருந்ததால் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. திருவிழாக் கடையில் பெயர், நாடு, எதுவும் இல்லாமல் தொங்கும் வர்ண உலோகப் பொம்மையை நான் ஈயம் உள்ளது என்றே கணக்கில் எடுப்பேன்.

பஞ்சுக் குச்சியில் தேய்த்தால் நிறம் மாறும் சோதனைப் பெட்டிகளை இணையத்தில் வாங்கலாம். சிவந்தால் ஈயம் உண்டு. சிவக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் மேல் பூச்சுக்கு அடியில் இன்னொரு பூச்சு இருக்கும்.

பெட்டி வந்த நாள்

பார்சலைக் குசினியில், சாப்பாட்டு மேசையில், கட்டிலில் பிரிக்க வேண்டாம். வெளியே என்றால் காற்றைப் பாருங்கள். சோழகம் வீசுகிற மாதங்களில் எங்கள் முற்றத்தில் ஒரு பேப்பரே நிற்காது, உரிந்த பெயின்ற் தூள் எங்கே போகும் என்று யோசியுங்கள். நான் செய்வது: ஓர் அறையில் மின்விசிறியை நிற்பாட்டி, பிள்ளைகளை வெளியே விட்டு, மேசையில் பொலித்தீன் விரித்து அதன்மேல் ஈரப் பேப்பர். பொம்மை சுற்றி வந்த பழைய பேப்பர், பஞ்சு, அட்டை எல்லாவற்றிலும் தூள் இருக்கும். உதறாமல் சுருட்டி ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கட்டுங்கள்.

பின்வளவில் குப்பையோடு சேர்த்து அதை எரிக்கவும் கூடாது. எரித்தால் ஈயம் அழியாது, புகையிலும் சாம்பலிலும் இருக்கும், அந்தச் சாம்பலை நாங்கள் மரக்கறிப் பாத்திக்குப் போடுவோம், சில வீடுகளில் பானை சட்டி தேய்க்கவும் எடுப்பார்கள். கட்டிய பையை பிரதேச சபை வண்டிக்குக் கொடுப்பதே நல்லது, வண்டி வராத ஊர் என்றால் ஒரு மூடியுள்ள வாளியில் சேர்த்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, தூள் மேலெழும்பும். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் அந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் தூளைப் பின்பக்கத்தால் ஊதித் தள்ளும்.

கழுவுதல்: புளியும் தேசிக்காயும் வேண்டாம்

என் பிழையின் விளக்கம் இதுதான். புளியிலும் தேசிக்காயிலும் இருக்கும் அமிலம் பித்தளையின் கறையைக் கரைக்கிற மாதிரி ஈயத்தையும் கரைக்கும். கரைந்து வருவது உடம்பு இலகுவில் உறிஞ்சக்கூடிய ஈய உப்பு. பொம்மையும் பழுது, தண்ணீரும் நஞ்சு. வினாகிரியும் அப்படித்தான்.

நிறம் நன்றாக ஒட்டியிருக்கும் பொம்மைக்கு இளஞ்சூட்டு நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய தூரிகை, போதும். அதற்கென்று ஒரு பழைய பேசின் ஒதுக்குங்கள், அது பிறகு குசினிக்குத் திரும்பக் கூடாது. நிறம் உரிகிற பொம்மையைக் கழுவவே வேண்டாம், ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

இதைக் கிணற்றடியில் செய்யாதீர்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன். எங்கள் கிணற்றடித் தண்ணீர் சும்மா போவதில்லை, வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் கருவேப்பிலைக்கும் போகிறது, கோழி அங்கேதான் கிளறுகிறது, பிள்ளைகள் அங்கேதான் குளிக்கிறார்கள். ஈயம் மண்ணில் விழுந்தால் மழையில் கரைந்து ஓடிவிடாது, மேல் மண்ணிலேயே தலைமுறைக்கும் கிடக்கும். நான் அந்த வாழைப் பாத்தியின் மேல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து மாற்றினேன், ஒரு முழு நாள் வேலை. பேசினில் கழுவிய தண்ணீரை ஓர் இரவு அடைய விட்டு, அடியில் தங்கும் சேற்றைப் பேப்பரால் ஒற்றிப் பையில் போட்டு, மேல் தண்ணீரைக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் தூரமாக, மலசலகூடக் குழிக்குள் ஊற்றுகிறேன்.

பிறகு கை. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில், நகக்கண்வரைக்கும். கொரோனாக் காலத்தில் பழகிய சானிட்டைசர் இங்கே உதவாது, அது கிருமியைக் கொல்லும், ஈயம் கொல்லுகிற பொருள் அல்ல, கழுவி அகற்ற வேண்டும். குழாய் இல்லாத வீட்டில் இன்னொருவரை வார்த்துவிடச் சொல்லுங்கள். தூள் பிடித்த கையோடு துலாக் கயிற்றையோ வாளியையோ பிடித்தால் அடுத்ததாக அதைப் பிடிக்கிறவர் உங்கள் அம்மா. வேலைக்கென்று ஒரு பழைய சாரமும் சேர்ட்டும் வைத்து, அதை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியே தோயுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

வெறும் வயிற்றில் இந்த வேலைக்கு உட்காராதீர்கள், விரத நாளில் வேண்டவே வேண்டாம். வயிறு காலியாக இருக்கும்போது உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தவர்களுக்கும் அப்படியே. முருங்கையிலை, நெத்தலி, பால், பயறு என்று ஒழுங்காகச் சாப்பிடுகிற உடம்பு ஓரளவுக்குத் தாங்கும், ஆனால் அதை நம்பிக் கவனத்தை விடக்கூடாது.

வெள்ளைத் தூள் பூத்தால்

ஒருநாள் பார்க்கும்போது பொம்மையின் அடியில் அல்லது கால் இடுக்கில் விபூதி மாதிரி வெள்ளைத் தூள் இருக்கும். வெள்ளீயத்துக்கு வரும் ஒரு குளிர் நோயைச் சிலர் இதற்குக் காரணம் சொல்வார்கள், அது 13 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் தொடங்குவது, வன்னியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? இங்கே பூப்பது ஈயத்தின் கார்பனேற்று. மரம், பிளைவூட், அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் இவையெல்லாம் மிக மெல்லிய அளவில் அமில ஆவி விடும். மூடிய அலுமாரிக்குள் அந்த ஆவியும் மாரிகால ஈரமும் சேர்ந்தால் ஈயம் மெல்ல மெல்லத் தூளாகும். கார்த்திகை மார்கழியில் எங்கள் வீட்டுச் சுவரே வேர்க்கும், பொம்மை என்ன செய்யும்.

இந்தத் தூள்தான் முழுச் சேர்க்கையிலும் ஆபத்தானது, ஏனென்றால் இது ஏற்கனவே தூளாகவே இருக்கிறது. ஊதிப் பார்க்காதீர்கள். N95 வகை மாஸ்க்கும் கையுறையும் போட்டு, அந்தப் பொம்மையை மட்டும் ஸிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் தனியே பிரித்து வைத்து, பிறகு ஆறுதலாக ஈரப் பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மிகவும் அரித்துப் போனதை வைத்திருக்க ஆசைப்பட வேண்டாம். நான் நல்லதொரு குதிரை வீரனை அப்படி இழந்தேன், மனம் கேட்கவில்லைதான்.

வைக்கிற இடம் கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த அலுமாரியாக இருந்தால் நல்லது. மர அலுமாரிதான் உண்டு என்றால் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து அலுமாரிக்குள் வையுங்கள், ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்று, மாரிக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். கண்ணாடி ஒட்டும் சிலிக்கோன் பசை வினாகிரி மணம் அடித்தால் அதுவும் அமிலம்தான், மணம் முழுக்கப் போகும்வரை பொம்மையை உள்ளே வைக்காதீர்கள். பூட்டு கட்டாயம். உயரத்தில் வைத்தால் போதும் என்பார்கள், கதிரை இழுத்துப் போட்டு ஏறத் தெரியாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

பூசுவதும் சுரண்டுவதும்

பழைய நிறத்தை உரித்துப் புதிதாகப் பூச எல்லோருக்கும் ஆசை வரும். உரிக்காதீர்கள். சேர்க்கிறவர்களிடம் பழைய நிறத்துக்குத்தான் மதிப்பு, அதோடு சுரண்டும்போதும் அரத்தாள் போடும்போதும் வருவது முழுக்க ஈயத் தூள், சூடு காட்டி உரித்தால் ஈயப் புகை. நிறம் பொரிந்திருந்தால் நிறமில்லாத வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சுப் பூசி அடைத்துவிடுங்கள், தொட்டால் உதிராது.

வெற்று உலோகமாக வந்த புதிய உருவங்களுக்கு அக்ரிலிக் பெயின்ற் நல்லது. ஒட்டிய பிசிறை அரத்தால் அராவ வேண்டுமென்றால் ஈரமாக வைத்து அராவுங்கள், அல்லது கூரிய கத்தியால் சீவுங்கள், சீவல் தூளைவிடப் பெரிது, பொறுக்கி எடுத்துவிடலாம். தூரிகையின் நுனியைக் கூராக்க நாக்கில் வைத்து இழுக்கிற பழக்கம் படம் கீறுகிற பல பேருக்கு உண்டு. அதை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

சொந்தமாக வார்க்கலாமா என்று கேட்டு ஒரு தம்பி முல்லைத்தீவில் வலைக்கு ஈயம் வார்க்கிற இடத்தைக் காட்டினார். பழைய பற்றரியை உடைத்துத் தாச்சியில் உருக்குகிறார்கள், பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். ஈயம் 327 பாகையில் உருகும், சாதாரண விறகடுப்பே போதும், அந்த இலகுதான் ஆபத்து. உருகிய ஈயத்தில் ஒரு துளி தண்ணீர் விழுந்தால் வெடித்து முகத்தில் அடிக்கும், பற்றரிக்குள் இருக்கும் ஈயக் கூழும் அமிலமும் வேறு. சேர்க்கத் தொடங்குகிற ஒருவருக்கு இந்த வேலை தேவையில்லை. அங்கே தொழிலாகச் செய்கிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவர்களுக்கும் அது வயிற்றுப்பாடு. ஆனால் பிள்ளைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், அந்தத் தாச்சி திரும்ப ஒருநாளும் அடுப்பில் ஏறக்கூடாது.

சாமி உருவங்கள்

இது சேர்க்கிறவர்களுக்கு மட்டும் இல்லை. வர்ணம் பூசிய சிறிய உலோகப் பிள்ளையார், அம்மன், மாதா உருவங்கள் எங்கள் வீடுகளில் நிறைய. பழையது, பாரமானது, நிறம் உதிர்வது என்றால் அதற்குப் பால், தயிர், தேசிக்காய்ச் சாறு விட்டு அபிசேகம் செய்து அந்தத் தீர்த்தத்தைக் குடிக்க வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். அமிலம் என்று மேலே சொன்னதே இங்கே நேராக வாய்க்குப் போகிறது. அந்த உருவத்தின் காலடியில் விபூதித் தட்டையும் வைக்காதீர்கள், விபூதியை ஒரு துளி நாக்கில் வைக்காதவர்கள் குறைவு. கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துப் பூப் போட்டுக் கும்பிடுங்கள். அம்மம்மாவுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு இரண்டு கிழமை எடுத்தது, அக்காவின் மகனுடைய இரத்தச் சோதனைத் தாளைக் காட்டித்தான் கடைசியில் ஒப்புக்கொண்டா. அபிசேகத்துக்கு இப்போது ஒரு கல் பிள்ளையார் இருக்கிறார்.

பிள்ளை வாயில் வைத்துவிட்டால்

சப்பியது மட்டும் என்றால் வாயையும் கையையும் கழுவி, பொம்மையில் துண்டு ஏதும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். துண்டையோ முழுப் பொம்மையையோ விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆசுபத்திரி, காத்திருந்து பார்க்கிற விசயம் இல்லை. 2006இல் அமெரிக்காவில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று சப்பாத்தோடு இலவசமாக வந்த சின்ன உலோகத் தொங்கட்டான் ஒன்றை விழுங்கி இறந்துபோனது. அது 99 வீதம் ஈயம். வயிற்று அமிலத்தில் கிடந்து கரைந்திருக்கிறது. வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். அதே மாதிரி இன்னொரு பொம்மை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ஈயம் அதில் பளிச்சென்று தெரியும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, டொக்டர்கள் அங்கே கேட்டு அறியலாம் என்பதையும் ஞாபகப்படுத்துங்கள்.

மெல்ல மெல்லச் சேருகிற ஈயத்துக்கு அறிகுறி என்று குறிப்பாக ஒன்று இல்லை: வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, இரத்தச் சோகை, காரணமில்லாத எரிச்சல். இதெல்லாம் ஆயிரம் காரணத்தால் வரும், ஆகவே டொக்டரிடம் போகும்போது "எங்கள் வீட்டில் ஈயப் பொம்மை இருக்கிறது" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவருக்குத் தானாகத் தெரியாது. வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல். சோதனைக்கு இரத்தம் வெளியூருக்குப் போகும், முடிவு வர நாள் எடுக்கும், அந்த நாட்களில் பொம்மைப் பெட்டி பூட்டியே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்யலாம். தடித்த பேனாவால் ஒவ்வொரு பெட்டியின் மேலும் "ஈயம் உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவும்" என்று தமிழில் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்ற பட்டியலையும் ஒரு கொப்பியில் எழுதி உள்ளே வையுங்கள். எங்கள் ஊர்களில் பெட்டிகள் ஒரு வீட்டில் நிற்பதில்லை, வெளிநாடு போகிறவர் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போவார், தங்கச்சி வீடு மாறும்போது அயலில் கொடுப்பா, அங்கே திறக்கிறது ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கலாம். பெட்டி மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும், ஆகவே பக்கத்திலும் எழுதுங்கள்.